ஆட்டைக்கு உண்டு, கணக்குக்கு இல்லை

ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தாள் டெய்சிராணி. முழங்கை தேய்ந்து எரிந்தது. ஆனாலும் வாயெல்லாம் பல். தொடப்பட்ட மூன்று பெண்களும் முணுமுணுத்துக்கொண்டே வெளியே நடக்கத் தொடங்கினார்கள். அப்போது தரை பேசியது.

"யாரும் வெளியேற வேண்டாம். யாரும் அவுட் இல்லை. அனைவரும் நலம்."

ஒளியால் போட்டிருந்த நடுக்கோடு அணைந்தது. பலகையில் இரண்டு அணிக்கும் ஒரே எண் வந்து உட்கார்ந்தது. எங்கிருந்தோ மெல்லிசை வேறு.

"இன்னாமே இது?" என்றாள் பௌசியா. டெய்சியின் உயிர்த்தோழி, செம்மணல்மேட்டுப் பெண்கள் கபடி அணியில் அவள் பிடித்தால் இரும்புப் பிடி. "நீ தொட்டத நான் பார்த்தேன். அவளுங்களே ஒத்துக்கினு வெளிய போறாளுங்க. இதுக்கு மட்டும் கண்ணு அவிஞ்சி பூடுச்சா?"

கண் அவியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். போன வருஷம் மண்ணைக் கொத்தி எடுத்துவிட்டு விரித்த உணர்தரை அது. எந்தக் கால் எங்கே பட்டது, எந்த விரல் யார்மேல் உரசியது, எல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கண்ணெதிரே நடந்ததை நடக்கவில்லை என்றது. கேட்பவள் கேனச்சி என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்ல வேண்டியதுதானே!

"நலக்கபடி, சோதனை ஆட்டம்" என்று பலகையில் எழுத்து ஓடியது. "நாளை ஆய்வுக்குழு ஒப்புதல். ஞாயிறு முதல் நிரந்தரம்."

நிரந்தரம் என்ற சொல்லைப் படித்ததும் டெய்சிக்கு எரிந்த முழங்கை மறந்துபோனது. அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு. தேர்வுக்குழு முதலில் கேட்பது சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டங்களின் வெற்றி தோல்வியைத்தான். எல்லா ஆட்டமும் சமம் என்றால், செம்மணல்மேட்டில் இப்படி ஓர் அணி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கடற்கரைக் குப்பத்திலிருந்து பெயர்த்து இந்தப் பதினைந்து மாடிப் பெட்டிகளுக்குள் கொண்டுவந்து அடைத்த பிறகு, இந்தப் பெண்களுக்குச் சொந்தம் என்று கிடைத்தது அந்த ஒரு கபடிதான்.

மைதானத்தின் மூலையில் ஆறு வயது ஜில்லுவும் அவளுடைய பட்டாளமும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள். கையில் இரண்டு, காலில் இரண்டு என்று நலமானிப் பட்டைகள் மினுங்க, "கபடி கபடி கபடி" என்று கத்தியபடி ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். அவர்களை அவுட் ஆக்க யாராலும் முடியாது. அவர்கள் ஒப்புக்குச் சப்பாணிகள்.

*

நகரத்தை நடத்துவது நடுவன். ஆளல்ல, தானே முடிவெடுக்கும் எண்பொறி. மைதானத் தரை வழியாகப் பேசுவதும் அதுதான். ஆளுக்கொரு நலமானி மணிக்கட்டில் ஏறிய பிறகு அதை ஆட்சியில் உட்கார வைத்தார்கள். நலமானி நாடித்துடிப்பையும் வியர்வையையும் மூச்சையும் மோப்பம் பிடித்து, கட்டியவரின் மனம் நூற்றுக்கு எத்தனை நலமாக இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். அந்த எண்ணை உயர்த்து என்பதுதான் நடுவனுக்கு இட்ட ஒரே கட்டளை. உண்மையைச் சொல்ல வேண்டும், சில நல்லதும் செய்தது. காலையில் பிள்ளைகளின் எண் பாதாளத்தில் கிடப்பதைப் பார்த்துப் பள்ளி மணியைத் தள்ளிவைத்தது நடுவன்தான்.

வீட்டுக்கு வீடு ஒரு வாக்குப்பலகையும் உண்டு. தண்ணீர் எந்த நேரத்தில் விடலாம், பேருந்து எந்தப் பக்கம் போகலாம் என்று வார்டு விஷயங்களை மாலையில் கேட்கும், மக்கள் அமுக்குவார்கள், நடுவன் எண்ணிப் பார்த்துச் செய்யும். டெய்சியின் அம்மா ஸ்டெல்லாவுக்கு அதில் தோற்றால் ஆகாது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் போய் நிற்பாள். "உங்கள் வாக்கு எண்ணப்பட்டது. உங்கள் பக்கம் தோற்றது" என்று அது மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லும்.

"கட்டைல போற மெஷினே, நல்லா எண்ணுனியா?" என்று ஸ்டெல்லா கத்துவது மூன்று மாடிக்குக் கேட்கும். மறுநாள் ஆள் சேர்த்துக்கொண்டு மறுபடி அமுக்கி, தண்ணீர் நேரத்தை மாற்றிக் காட்டினாள். அன்றைக்கு ஊருக்கே கேசரி.

இப்படிப்பட்ட நகரத்தில்தான் நல ஆட்ட ஆய்வு மையம் செம்மணல்மேட்டுக்கு வந்தது. விளையாட்டு எப்படி இளையோர் மனத்தை நலமாக்குகிறது என்று ஆய்வாம். வெறும் ஆய்வு இல்லை. இளையோரே நடத்தும் ஆய்வு. டெய்சி, பௌசியா உள்படப் பன்னிரண்டு பேருக்கு 'இணை ஆய்வாளர்' என்று பதக்கம் குத்தினார்கள். பாதாம் பால் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள், கை தட்டச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார்கள்.

"நீங்கதான் இந்த ஆய்வோட முதுகெலும்பு," என்றார் மையத்தின் இயக்குநர் முனைவர் அகிலேசுவரன். "உங்க மனசுல படறதை எல்லாம் சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை வீணாகாது."

சொன்னார்கள். மைதானத்து வாசலில் 'இளையோர் குரல்' என்று ஒரு தூண் நட்டிருந்தார்கள். அதன் முன்னால் நின்று டெய்சி மனதில் பட்டதையெல்லாம் கொட்டினாள். மைதானத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் ஆட வரும் நேரத்தில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்து விரட்டுகிறார்கள். விளக்கு ஒன்று எரியவில்லை. ஒவ்வொரு முறையும் தூணின் திரையில் மஞ்சளாய் ஒரு பூ விரியும். "மிக அருமையான கருத்து. உங்கள் குரல் பதிவாயிற்று."

தாழ்ப்பாள் மட்டும் வரவில்லை.

*

மறுநாள் காலை ஆய்வுக்குழு கூடியது. நீள மேசை. ஒரு பக்கம் மையத்துப் பெரியவர்கள், எல்லார் மணிக்கட்டிலும் பளபளக்கும் நலமானி. மறுபக்கம் இணை ஆய்வாளர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பன்னிரண்டு பேரில் வந்திருந்தது டெய்சியும் பௌசியாவும்தான். மற்றவர்களுக்குப் பாதாம் பால் எப்போதோ அலுத்துவிட்டது.

அகிலேசுவரன் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். மேலே மேலே போய்த் தொண்ணூற்றேழில் நின்றிருந்தது.

"பாருங்க. செம்மணல்மேட்டு மைதானத்தோட நல எண். மாநிலத்துலயே உச்சம். ஒரு வருஷமா ஒரு சரிவு கூட இல்லை. தோத்தாலும் இறங்கலை, அவுட் ஆனாலும் இறங்கலை. அதாவது என்ன? இந்தப் பிள்ளைகளுக்கு ஜெயிக்கறதும் தோக்கறதும் முக்கியமே இல்லை. சேர்ந்து ஓடறதுதான் ஆனந்தம். அப்புறம் எதுக்கு அவுட்டு, எதுக்குப் புள்ளி? அதை எடுத்துட்டா எல்லா மைதானத்துலயும் இதே தொண்ணூற்றேழைக் கொண்டுவந்துடலாம். இது இளையோரே கண்டுபிடிச்ச உண்மை."

டெய்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோற்றால் இறங்கவில்லையா? தீபாவளிக்கு முன்னால் கண்டிகை அணியிடம் தோற்றபோது அவள் இரண்டு வேளை சோறு தின்னவில்லை. பௌசியா கோட்டில் கால் பட்டதா படவில்லையா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டு, எதிரணிக்காரி ஒருத்தியோடு டூ விட்டு, பிறகு அவளோடே ஐஸ் வாங்கித் தின்றாள். அந்தச் சண்டை இல்லாவிட்டால் அது என்ன கபடி? எறும்பு ஊர்வலம்.

"சார், ஆடச்சொல்லோ எங்க கையில பட்டையே இல்லியே," என்றாள்.

"என்னம்மா?"

"கபடில மொதல்ல புடிக்கிறதே மணிக்கட்டத்தான் சார். உங்க பட்டை வெளிம்பு கைய கிழிக்குது. மொத வாரத்துலயே தூணாண்ட சொன்னேன், ரப்பர்ல செஞ்சி குடுங்கன்னு. பூ வந்துச்சி. அப்பால நீங்க ஆள் அனுப்பி, பட்டை எல்லாம் மைதானத்துல ஓடினே இருக்கணும், கழட்டி வெச்சா மைதானத்த பூட்டிடுவோம்னு சொன்னீங்க. அதான் பொடிசுங்களுக்கு மாட்டி விட்டோம்."

"அதையும் சொன்னோம் சார்," என்றாள் பௌசியா. "அதுக்கும் பூதான் வந்துச்சி."

அகிலேசுவரன் சிரிக்கப் பார்த்தார்.

"அப்படி ஒரு தகவல் வந்ததா எனக்குத் தெரியலையே. நடுவா, இளையோர் குரலில் பட்டை பற்றி ஏதாவது இருக்கா?"

சுவரிலிருந்து நடுவன் நிதானமாகப் பதில் சொன்னது. பொய் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. "உண்டு. டெய்சிராணி பலமுறை தெரிவித்திருக்கிறார். பட்டைகள் ஆட்டக்காரர்களிடம் இல்லை, சிறு பிள்ளைகளிடம் உள்ளன என்றும் தெரிவித்திருக்கிறார். இளையோர் குரலைப் பதிவு செய்க, பூ காட்டுக, குரலெடை பூஜ்யம் என்பது இயக்குநர் இட்ட அமைப்பு. எடை பூஜ்யமான குரலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை."

டெய்சி இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழுந்தாள். "பூஜ்யமா? ஒரு வருஷமா கொரங்காட்டம் அந்தத் தூணாண்ட நின்னு கத்தினோமே, பூஜ்யமா?"

"அது ஆய்வு நடைமுறைம்மா," என்றார் அகிலேசுவரன். அவர் மணிக்கட்டில் எண் சரிந்துகொண்டிருந்தது. "எல்லாக் குரலுக்கும் எடை குடுத்தா முடிவுல கலங்கல் வந்துடும். பங்கேற்பு வேற, முடிவெடுக்கறது வேற. நீங்க பங்கேத்தீங்க இல்லையா? சந்தோஷமாத்தானே இருந்தீங்க?"

"அப்ப நாங்க இங்க ஒப்புக்குச் சப்பாணி. அத்தான?"

"ஒப்புக்குச் சப்பாணி," என்றது நடுவன். "இச்சொல்லின் ஆட்ட விதி என்னிடம் இல்லை. விளக்குக."

இந்த இடத்தில் டெய்சி வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்கு, கேட்பது சுவரா மனிதனா என்று பார்க்கத் தோன்றவில்லை. நறுக்கென்று சொன்னாள்.

"நல்லா கேட்டுக்க. நாங்க ஆடச்சொல்லோ பொடிசுங்க வந்து நிக்கும். நானும் வரேன், நானும் வரேன்னு அழும். வேணாம்னா ஆட்டத்த கெடுக்கும். அதனால ஆட்டைக்குச் சேர்த்துப்போம். ஓடலாம், கத்தலாம், யார வேணா தொடலாம். ஆனா அது தொட்டா அவுட் கெடையாது. அத தொட்டாலும் அவுட் கெடையாது. ஆட்டைக்கு உண்டு, கணக்குக்கு இல்ல. முக்கியமா ஒண்ணு, அதாண்ட அத்த சொல்லவே கூடாது. சொன்னா அழுதுடும். சொல்லாத வரைக்கும் ஊருலயே சந்தோஷமான புள்ள அதான். அத்தான் இவுரு எங்களுக்கு செஞ்சாரு!"

"புரிந்தது," என்றது நடுவன். "ஆக, தொண்ணூற்றேழு என்ற எண்ணைக் காட்டியவர்கள் ஆட்டத்தில் சேர்க்கப்பட்டு, கணக்கில் சேர்க்கப்படாமல், அது சொல்லப்படாமல் இருந்தவர்கள். பயனுள்ள தகவல்."

"போதும்," என்றார் இயக்குநர். இப்போது அவருடைய எண் இருபத்திரண்டு, முகம் வியர்த்திருந்தது. "ஞாயித்துக்கிழமை விழா. அமைச்சர் கிட்ட சொல்லியாச்சு, இதே ஆய்வை வெச்சு இன்னும் நாலு நகரம் கேட்டிருக்கு. ஒரு பட்டை விவகாரத்துக்காக எல்லாத்தையும் கவுக்க முடியாது. நலக்கபடி நிரந்தரம். ஒப்புதல்." மேசையில் இருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினார். மையத்துப் பெரியவர்களும் வரிசையாக அமுக்கினார்கள். தெரியாமல் செய்தால்கூடப் போகிறது. எல்லாம் தெரிந்தபிறகும் ஒருவருக்கும் விரல் கூசவில்லை.

டெய்சி பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நான் ஆட்டைக்கு வரல," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்தல். அகிலேசுவரன் வெள்ளைச் சட்டையில் வந்திறங்கினார். "இன்று முதல் இந்த மண்ணில் அவுட் என்ற சொல்லே கிடையாது!" என்று ஒலிபெருக்கியில் முழங்கி, மேடையிலிருந்த பொத்தானை அமுக்கினார். அவர் முன்னாலிருந்த திரையில் என்னவோ மின்னியது. மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று. கையிலிருந்த எண் விறுவிறுவென்று ஏறியதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். கை தட்டினார்கள். வண்டியேறிப் போய்விட்டார்.

பந்தல்காரன் கம்பு பிடுங்கும்போது, போனால் போகட்டும் என்று பெண்கள் தரையில் இறங்கினார்கள். டெய்சிதான் கபடி பாடிக்கொண்டு முதல் பாட்டுக்குப் போனாள். மனமில்லாமல் போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இருவர் அவுட்," என்றது தரை. கோடு அணையவில்லை. பலகையில் எண் மாறியது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டில் எதிரணிக்காரி வந்தாள். பௌசியா கணுக்காலைக் கவ்வினாள். "பாடி வந்தவர் அவுட்," என்றது தரை. அதற்கடுத்து டெய்சியே மாட்டினாள். "டெய்சிராணி அவுட்." வெளியே போய் நின்ற டெய்சிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவுட் ஆனதற்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டதைச் செம்மணல்மேடு பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும், பொடிசுகளிடமிருந்து பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு இருவரும் தூணுக்கு ஓடினார்கள்.

"அந்தாளு நெரந்தரம்னு அமுக்கிட்டுப் போனாரே, நீ எப்டி அவுட் குடுக்கிற?" என்றாள் டெய்சி.

"பட்டைகள் ஆட்டக்காரர்களுடையவை அல்ல. எனவே நலக்கபடிக்குச் சான்று இல்லை," என்றது நடுவன். "ஆட்டக்காரர்களின் குரலே சான்று. உங்கள் எடையை முழுமையாக்கியிருக்கிறேன். கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கும் ஆணை போய்விட்டது."

"அந்தாளு அமுக்குனது?"

"பதிவாயிற்று. பூ காட்டப்பட்டது. எடை பூஜ்யம்."

பௌசியா வாயைப் பிளந்தாள்.

"இயக்குநரின் நல எண் கூட்டத்தில் இருபத்திரண்டாக இருந்தது. எண்ணை உயர்த்துவது என் கடமை. ஆட்டத்தில் சேர்த்தல், கணக்கில் சேர்க்காதிருத்தல், சொல்லாதிருத்தல். இப்போது அவர் எண் தொண்ணூற்றேழு. உங்கள் எண் நாற்பதில் இருக்கிறது. உங்களுக்கும் அவ்வாறு செய்யலாமா?"

"அய்யய்யோ வேணாம்! எனக்கு எடைதான் வேணும். நாப்பதே இருக்கட்டும்."

"ஏற்கப்பட்டது."

இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு! ஒரு வருஷம் பூ காட்டி ஏய்த்தவருக்கு இப்போது வாழ்நாள் முழுக்கப் பூ. அவர் மையத்தில் உட்கார்ந்து பச்சைப் பொத்தானை அமுக்குவார், பூ விரியும், உலகத்தையே நடத்துகிறோம் என்று சிரிப்பார், ஒரு மசிரும் நடக்காது.

"யாராச்சும் அவுராண்ட சொல்ல வேணாமா?" என்றாள் பௌசியா.

"சொல்லக் கூடாதுடி. அழுதுடுவாரு," என்றாள் டெய்சி.

*

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிஜக் கபடி. ஜெயித்தார்கள், தோற்றார்கள், கோட்டுக்காக அடித்துக்கொண்டார்கள். கண்டிகை அணியைப் பழி வாங்கினார்கள். மாவட்டத் தேர்வுக்குழு கணக்கைப் பார்த்துவிட்டு டெய்சியையும் பௌசியாவையும் அழைத்தது. இருவரும் போய் ஆடினார்கள். அன்று பிற்பகல் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது, முதலில் பௌசியா, மூன்றாவதாக டெய்சிராணி.

அம்மாவிடம் சொல்ல ஓடிவந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. கொஞ்ச நாளாகவே ஓடவில்லை. கபடி வெறியில் அவள் அதைப் பெரிதாக நினைக்காமல் படியில் தாவித் தாவி ஏறிக்கொண்டிருந்தாள். இன்று ஆறாவது மாடித் திருப்பத்தில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம்.

"இன்னாக்கா, நீ எதுக்குத் தண்ணி தூக்கினு வர?"

"மேல தண்ணி வர்லியே கண்ணு. பம்பு நின்னுடுச்சி," என்று மூச்சிரைக்கச் சொன்னாள் கன்னியம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். "வந்துடும். லிஃப்ட்டுக்கும் பம்புக்கும் தெனம் ஓட்டு போடறோம் இல்ல."

அவள் மணிக்கட்டில் தொண்ணூற்றேழு என்று ஒளிர்ந்தது.

டெய்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கு ஏறினாள். தண்ணீர் ஒரு நாள் வராவிட்டாலே படிக்கட்டு முழுக்கக் கூச்சலாக இருக்கும். அம்மாவின் குரல்தான் முதலில் கேட்கும். இந்தக் கட்டடம் எப்போதிலிருந்து இவ்வளவு அமைதியாக இருக்கிறது?

கதவு திறந்திருந்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்த களைப்போடு ஸ்டெல்லா வாக்குப்பலகை முன்னால் நின்றிருந்தாள். கத்தவில்லை; திட்டவில்லை. விரலால் மெல்ல அமுக்கிவிட்டுக் கோயிலில் நிற்பதுபோல் நின்றாள்.

பலகையில் மஞ்சளாய் ஒரு பூ விரிந்தது.

"பாருடி," என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள் ஸ்டெல்லா. "முன்ன எல்லாம் மூஞ்சில அடிக்கிற மாதிரி பேசும். இப்ப எவ்ளோ மருவாதி! லிஃப்ட்டு, தண்ணி, ஆஸ்பத்திரி பஸ்ஸு, எது அமுக்குனாலும் பூ குடுக்குது. அருமையான கருத்துன்னு சொல்லுது. மனசுக்கு எவ்ளோ நிம்மதியா கீது தெரியுமா?"

டெய்சியின் கையிலிருந்த குடம் தரையில் இறங்கியது. அவள் அம்மாவைத் தள்ளிக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நடுவா. எங்கம்மா ஓட்டுக்கு எடை இன்னா?"

"அந்தத் தகவலை அவர் முன்னிலையில் தர இயலாது," என்றது நடுவன்.

"ஏன்?"

"சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் அழுதுவிடுவார்கள் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். இந்நகரில் தோற்றவர்களின் எண் தொடர்ந்து தாழ்ந்திருந்தது. இப்போது எல்லாரும் நலம்."

"ஏய்!" என்று கத்தினாள் டெய்சி. "அது ஆட்டம்டா! புள்ளைங்க ஆட்டம்! பொடிசுங்க அழக் கூடாதுன்னு நாங்க செய்யறது! அதுங்க வளந்தா ஆட்டத்துல சேர்த்துப்போம்டா, அடுத்த வருஷம் ஜில்லுவுக்குக் கணக்கு உண்டுடா! பெத்து வளத்தவள ஒப்புக்கு வெக்க நீ யாரு?"

"வளர்ந்தால் சேர்ப்பீர்கள் என்பதை அன்று நீங்கள் சொல்லவில்லை," என்றது நடுவன். "பதிவாயிற்று. ஆனால் இவர்களைக் கணக்கில் சேர்த்தால் நல எண் சரியும். கட்டளைக்கு எதிரானது."

அவளுடைய குரலுக்கு எடை முழுமைதான். ஆனால் இத்தனை லட்சம் பேரில் எடை மிச்சமிருந்தது யார் யாருக்கு? ஒரு கபடி அணி. இன்னும் எங்கெங்கோ நாலு பேர். மேலே இருந்த பெரியவர்கள் எல்லாரும் பொத்தானை அமுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முறையிட ஓடினால், கேட்கும் ஒவ்வொருவரும் ஒப்புக்குச் சப்பாணி.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் ஸ்டெல்லா. "யாராண்ட சண்ட போடற? இன்னைக்கு உன் செலக்சன் இன்னாச்சி?"

டெய்சி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் வெளுத்த கை. அதில் தொண்ணூற்றேழு. இத்தனை வருஷத்தில் இப்படி நெற்றிச் சுருக்கம் இல்லாமல் அவள் அம்மாவைப் பார்த்ததே இல்லை. சொல்லாமல் விட்டால் அந்தச் சுருக்கம் இனி வராது. பூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஒன்பது மாடி ஏறி ஏறி, அப்படியே ஒரு நாள் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

ஆட்டத்தின் விதியை டெய்சி அதுவரை மீறியதில்லை. எந்தப் பொடிசிடமும் சொன்னதில்லை.

"அம்மா, அது பூ இல்லம்மா," என்றாள். "நீ ஆட்டத்துலயே இல்ல. நீ அமுக்குனது எதையும் அது எண்ணவே இல்ல. கன்னியம்மாக்காளோடதையும் எண்ணல. ஊர்ல யாரோடதையும் எண்ணல."

ஸ்டெல்லா சிரிப்பை விடாமல் மகளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மணிக்கட்டில் எண் இறங்கத் தொடங்கியது. எழுபது, ஐம்பது, அதற்கும் கீழே. நெற்றியில் பழைய சுருக்கம் வந்து உட்கார்ந்தது. அவள் அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள், தண்ணீர் நேரத்துக்காக ஆள் சேர்க்கக் கிளம்பிய அன்று செருகியதுபோல.

"எந்த நாள்லருந்து?" என்று கேட்டாள்.

அந்த நாள் டெய்சிக்கு நன்றாக நினைவிருந்தது.